வளைகிற சாணைக்கல்

என் காரின் பானெட்டில், இடது ஹெட்லைட்டுக்கு மேலே, ஒரு சாண் நீளத்தில் பதினொரு கீறல்கள் இருக்கின்றன. ஒன்றுக்கொன்று இணையாக, சீப்பை வைத்து இழுத்ததுபோல நேராக ஓடுகின்றன. வண்டி வெள்ளை நிறம். அதனால் பகலில் பக்கத்தில் நின்று பார்த்தாலும் தெரியாது. கையால் தடவினாலும் தெரியாது, நகம்கூட மாட்டாது. ராத்திரியில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் மட்டும் மெல்லிய வெள்ளிக் கம்பிகளாக எழுந்து வரும். அவற்றைப் போட்டது நான்தான். 2023 ஜனவரியில், பெயிண்ட்டில் ஒட்டிக்கொண்ட துகள்களை இழுத்தெடுக்கும் கிளே பார் என்ற பிசைகட்டியை முதன்முதலாக வீட்டிலேயே போட்ட அன்று. அதற்கப்புறம் கிளே பார் பற்றி யாராவது பேச்செடுத்தால், "தாராளமா போடு, வண்டி கண்ணாடி மாதிரி ஆகிடும்" என்று என்னால் சட்டென்று சொல்ல முடிவதில்லை. வேண்டாம் என்றும் சொல்ல வாய் வருவதில்லை. இரண்டுக்கும் நடுவில் நான் எங்கே நிற்கிறேன் என்பது எழுதிப் பார்த்தால்தான் எனக்கே தெளியும் போலிருக்கிறது.

எங்கள் வீடு சென்னையில், பெரம்பூரில். மூன்று மாடிப் பழைய அபார்ட்மெண்ட், லிஃப்ட் கிடையாது. கீழே கூரை உள்ள பார்க்கிங் நாலு வண்டிக்குத்தான். மற்ற வண்டிகள் பின்பக்கச் சுவரோரமாகத் திறந்தவெளியில் நிற்கும். சுவருக்கு அந்தப் பக்கம் கொஞ்ச தூரத்தில் தண்டவாளம். என்னுடையது 2015 மாடல் ஸ்விஃப்ட், ஏழு வருடத்துக்கும் மேலாக அந்தச் சுவரோரம்தான் நின்றது. ஒருநாள் மழை விட்ட பிறகு துடைக்கும்போதுதான் கவனித்தேன். டிக்கிக் கதவிலும் கூரையிலும் ஆரஞ்சு நிறத்தில் பொடிப்பொடியாகப் புள்ளிகள், வெள்ளை இட்லியில் மிளகாய்ப்பொடி சிதறினாற்போல. சேறு என்று நினைத்து ஷாம்பூ போட்டுக் கழுவினேன், போகவில்லை. நகத்தால் சுரண்டினால் ஒன்றிரண்டு உதிர்ந்தது, மற்றவை அப்படியே இருந்தன. வாட்டர் வாஷ் கடையில் காட்டினேன். "வயசாகிடுச்சு மேடம், பெயிண்டே துருப் பிடிக்க ஆரம்பிச்சிடுச்சு. ரப்பிங் போட்டு மேல கோட்டிங் அடிச்சிடலாம், பதினெட்டாயிரம் ஆகும்" என்றார்கள். பெயிண்ட் துருப்பிடிக்காது என்பது எனக்கே தெரியும். தகரம் துருப்பிடித்தால் பெயிண்ட் உப்பி எழும்பும், இப்படி மேலே ஒட்டிக்கொண்டு நிற்காது. அப்படியானால் இது என்ன?

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன். அப்பா ரயில் பெட்டிகளைப் பழுது பார்க்கும் கேரேஜ் ஒர்க்ஸில் பெயிண்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். செங்காவி நிறத்தில் ஓடிக்கொண்டிருந்த ரயில் பெட்டிகள் தொண்ணூறுகளில் நீலமாக மாறிய காலமெல்லாம் அவர் கையில் கடந்ததுதான். அவர் வந்து புள்ளிகளைப் பார்க்கவேயில்லை. உள்ளங்கையைக் கூரைமேல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாக ஒரு இழுப்பு இழுத்தார். "இரும்புத் தூள்மா. வண்டி போறப்போ சக்கரமும் தண்டவாளமும் உரசுது இல்ல, அதுல பறக்கிறது. வெளியில இருந்து வந்து ஒட்டினதுதான். உன் பெயிண்ட்டுக்கு ஒண்ணும் ஆகலை" என்றார். அந்தக் கண்ணை மூடுகிற பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். வீட்டில் பீரோவுக்குப் பட்டி பார்த்து வாட்டர் பேப்பர் போடும்போதும் அப்படித்தான் செய்வார். நான் எட்டிப் பார்த்து "சரியா இருக்குப்பா" என்றால், "கண்ணு ஏமாத்தும் பாப்பா, கை ஏமாத்தாது" என்பார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு நான் வளர்ந்தேன் என்றே சொல்லலாம். காய்கறி வாங்குவதிலிருந்து துணி எடுப்பது வரை எல்லாவற்றுக்கும் கைதான்.

அப்புறம்தான் அந்த கவர் சோதனையைப் பற்றிப் படித்தேன். காய்கறிக் கடையில் தரும் மெல்லிய கவர் ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு, கழுவிய பெயிண்ட்மேல் விரல் நுனியால் லேசாகத் தடவ வேண்டும். அவ்வளவுதான். வெறும் கையில் லேசான சொரசொரப்பாகத் தெரிவது, கவரோடு தடவும்போது உப்புத்தாளைத் தொட்டதுபோலத் தெரியும். வெறும் விரலில் இருக்கும் ஈரமும் பிடிப்பும் நுணுக்கமான சொரசொரப்பை மறைத்துவிடுகின்றன. கவர் இருந்தால் விரல் வழுக்கிக்கொண்டு போகும், தடுக்குவது மட்டும் தனியாகத் தெரியும். நான் கூரையில் தடவினேன். கரகரவென்று சத்தமே வந்தது. கதவில் தடவினேன், கொஞ்சம் குறைவு. கண்ணுக்கு வழவழவென்று தெரிந்த வண்டி, கைக்கு மணல் தரையாக இருந்தது. அன்று ராத்திரியே கிளே பாரும், இரும்புத் தூளைக் கரைக்கும் அயர்ன் ரிமூவர் என்ற திரவமும் ஆர்டர் போட்டேன். இரண்டும் சேர்ந்து ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது.

ரயிலோடு ஒட்டின கதை

இந்தப் பொருளுக்கும் ரயிலுக்கும் இருக்கும் உறவு பெரம்பூர்க்காரிக்குப் பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை. அமெரிக்காவில் தொழிற்சாலையிலிருந்து புதுக் கார்களை ரயிலில் ஏற்றி ஷோரூமுக்கு அனுப்புவார்கள். போய் இறங்கும்போது புத்தம்புதுப் பெயிண்ட்டில் ஆரஞ்சுப் புள்ளிகள் இருக்கும். அதற்கு 'ரயில் டஸ்ட்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். சூடாகப் பறந்து வரும் இரும்புத் துணுக்கு பெயிண்ட்டின் மேல் தோலில் பதிந்துகொள்ளும், பனியிலும் மழையிலும் துருப்பிடித்து உப்பும், அதைச் சுற்றிக் கறை படரும். ரயில் பக்கத்தில் இல்லாதவர்களும் தப்ப முடியாது. அவரவர் வண்டியின் பிரேக்கிலிருந்து பறப்பதும் இதே சாதிதான். நம் ஊரில் புதுக் கார்களை ஏற்றிப்போக என்.எம்.ஜி. என்று ஒரு வகை வண்டி உண்டு. வயதான பயணிகள் பெட்டியை எடுத்து, ஜன்னலையெல்லாம் அடைத்து, கார் உள்ளே ஏறும்படி கடைசியில் கதவு வைத்து மாற்றியிருப்பார்கள். 1955-இல் ஆரம்பித்த ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். இங்கே பக்கத்திலேயேதான் இருக்கிறது. அதன் பெட்டிகள் ஆளை ஏற்றி ஓய்ந்த பிறகு காரை ஏற்றப் போவதை நினைத்தால் எனக்கு ஏதோ சொந்தக்காரர் செய்தி கேட்டதுபோல இருக்கும்.

கிளே என்றாலும் அது களிமண் இல்லை. பிசுபிசுப்பான செயற்கை ரெசினில் மிக நுண்ணிய தேய்ப்புத் துகள்களைக் கலந்து பிசைந்த ஒரு கட்டி. ஜப்பானில் உருவானது. 1995 டிசம்பரில் தடாவோ கொடாத்தே என்ற ஜப்பானியருக்கு இதற்கான அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அந்தக் காப்புரிமையின் தலைப்பு 'பிளாஸ்டிக் ஃப்ளெக்ஸிபிள் கிரைண்டிங் ஸ்டோன்'. தமிழில் சொன்னால் வளைகிற சாணைக்கல். இந்தத் தலைப்பை நான் வண்டியில் கை வைப்பதற்கு முன்னால் படித்திருக்க வேண்டும். படித்தது கீறல் விழுந்து மூன்று வாரம் கழித்து. டப்பாவில் 'அழுக்கை மென்மையாக ஒற்றி எடுக்கும்' என்று போட்டிருந்தது. நானும் பிசின் ஒற்றி எடுப்பதுபோலத்தான் கற்பனை செய்துகொண்டேன். கண்டுபிடித்தவரோ அதற்குச் சாணைக்கல் என்று பெயர் வைத்திருக்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

பொங்கல் முடிந்து அடுத்த ஞாயிறு. வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்று ஆறு மணிக்கே இறங்கினேன். கூரை உள்ள இடத்தில் ஒரு வீட்டார் ஊருக்குப் போயிருந்ததால், அங்கே வண்டியை விட்டுக்கொள்ள அனுமதி வாங்கியிருந்தேன். தகடு சூடாக இருந்தால் எந்தத் திரவமும் தடவின இடத்திலேயே காய்ந்து கறையாகிவிடும். அதனால் நிழல் முக்கியம். எங்கள் போர் தண்ணீர் உப்பு. அது காய்ந்தால் வெள்ளை வட்டம் விழும். மெட்ரோ வாட்டர் எட்டுக் குடம் பிடித்து வைத்திருந்தேன். முதலில் போர் தண்ணீரில் புழுதி போக அடித்துக் கழுவினேன், அப்புறம் ஷாம்பூ, கடைசியில் நல்ல தண்ணீர்.

அயர்ன் ரிமூவரை அடித்த நிமிஷம் எனக்கு மறக்காது. தண்ணீர் மாதிரி நிறமில்லாமல்தான் விழுந்தது. ஒரு நிமிஷம் போனது. வெள்ளைக் கூரையில் அங்கங்கே நாவல்பழச் சாறு சிந்தினதுபோல ஊதாப் புள்ளிகள் தோன்ற ஆரம்பித்தன. பிறகு ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஊதாக் கோடு வழிந்து இறங்கியது. டிக்கிக் கதவு முழுக்கவே ஊதாவாக அழுதது. கூடவே அழுகின முட்டை வாடை. மாடியிலிருந்து அப்பா எட்டிப் பார்த்து, "என்னம்மா இது, பார்லர் வாடை அடிக்குது" என்றார். அவர் சொன்னது சரி. அதில் இருக்கும் தையோகிளைகோலேட் குடும்பத்து ரசாயனத்தைத்தான் முடியைச் சுருட்டும் மருந்திலும் போடுகிறார்கள். இரும்போடு சேர்ந்தால் ஊதாவாக மாறிக் கரைந்துவிடும். காயவிடாமல் நாலைந்து நிமிஷத்தில் கழுவிவிட வேண்டும், கையுறை கட்டாயம். இதைக் கிளேவுக்கு முன்னால் செய்வதுதான் முறை. இரும்புத் துணுக்கின் வேரை ரசாயனம் கரைத்துவிட்டால், கிளே இழுக்க வேண்டியது குறையும். கழுவின பிறகு மறுபடி கவர் போட்டுத் தடவினேன். கரகரப்பில் பாதிக்குமேல் போயிருந்தது.

இனி கிளே. நூறு கிராம் கட்டியைக் கத்தியால் இரண்டாக அறுத்து, ஒரு பாதியை வீட்டிலேயே வைத்துவிட்டேன். முழுக்கட்டியும் கீழே விழுந்தால் முழுக்கட்டியும் போச்சு என்று எங்கும் எச்சரித்திருந்தார்கள். மீதிப் பாதியை வெந்நீரில் ஒரு நிமிஷம் போட்டெடுத்து, உருட்டி, பூரி உருண்டையை விரலால் தட்டுவதுபோல உள்ளங்கை அகலத்துக்குத் தட்டினேன். ஸ்ப்ரே பாட்டிலில் ஒரு லிட்டர் தண்ணீருக்குக் கொஞ்சம் கார் ஷாம்பூ. இரண்டடிக்கு இரண்டடி இடத்தை எடுத்துக்கொண்டு, தண்ணீர் வழிகிற அளவுக்கு அடித்து, கிளேவை அதன்மேல் வைத்து நேர்கோட்டில் முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். அழுத்தவே கூடாது. கிளே விரலுக்கு அடியில் மிதந்துகொண்டு போனால் போதும். முதல் இழுப்பில் 'சர்ர்' என்று சத்தம், விரலில் ஒரு தடுக்கல். நாலாவது இழுப்பில் சத்தம் தேய்கிறது. ஏழாவது எட்டாவதில் திடீரென்று ஒன்றும் கேட்காது, கிளே எண்ணெய்மேல் போவதுபோலப் போகும். அந்த மௌனம்தான் அடையாளம். திருப்பிப் பார்த்தால் மஞ்சள் கிளேயின் முகத்தில் பழுப்புக் கோடுகள், நடுவில் கருப்பு மணிகள். மடித்துப் பிசைந்து புது முகம் எடுத்து அடுத்த இடத்துக்குப் போக வேண்டும்.

கூரைக்கு மட்டும் ஒன்றேகால் மணி நேரம் ஆனது. எனக்கு அந்த நேரம் பிடித்திருந்தது. போன் இல்லை, பேச்சு இல்லை, சத்தம் தேயும்வரை ஒரே இடம். வண்டியில் இவ்வளவு நாள் ஏறி இறங்கியும் இந்தக் கூரையின் வளைவை நான் கையால் அறிந்ததில்லை என்று தோன்றியது. டிக்கியும் இடது பக்கக் கதவுகளும் முடிந்தபோது பத்தரை. தோள்பட்டை வலித்தது. பசி வேறு. பானெட்டின் வலது பாதி முடித்து இடது ஓரத்துக்கு வந்தேன். ஷாம்பூத் தண்ணீரில் ஊறின கை. கிளே நழுவி சிமெண்ட் தரையில் விழுந்தது. சத்தம்கூட இல்லை.

விழுந்தால் தூக்கிப் போட வேண்டும் என்று எனக்குத் தெரியும், நூறு தடவை படித்திருக்கிறேன். ஆனால் மீதிப் பாதி மூன்றாவது மாடியில் இருந்தது. இந்தப் பானெட்டில் ஒரு முழம்தான் பாக்கி. குனிந்து எடுத்தேன். மணல் நாலைந்து தெரிந்தது, நகத்தால் கிள்ளி எடுத்தேன். குழாயில் காட்டிக் கழுவினேன். அழுக்கு முகத்தை உள்ளே மடித்துப் புது முகம் எடுத்தேன். சுத்தமாகத்தான் தெரிந்தது. ஸ்ப்ரே அடித்து, முன்னும் பின்னும் இழுத்தேன். சத்தம் கொஞ்சம் வித்தியாசமாக இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அன்று நான் அதைக் கேட்கவில்லை, கேட்க விரும்பவில்லை. துடைத்துவிட்டுக் கவரைப் போட்டுத் தடவினேன். கண்ணாடி. கிளே போட்ட இடமெல்லாம் கண்ணாடி. கண்ணை மூடிக்கொண்டு, அப்பா மாதிரியே, உள்ளங்கையால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இழுத்தேன். ஒரு தடுக்கல் இல்லை. கை நல்ல சேதிதான் சொன்னது. சாயந்திரம் வேக்ஸ் போட்டு முடித்தேன்.

ராத்திரி சாப்பிட்ட பிறகு அப்பா கீழே வந்தார், கையில் டார்ச். நான் பெருமையாக நின்றேன். அவர் கூரையில் கை வைத்துப் பார்த்து, "நல்லா வந்திருக்கும்மா" என்றார். அப்புறம் டார்ச்சை எரியவிட்டு, வெளிச்சம் தகட்டோடு படுத்துக்கொண்டு போகும்படி தாழ்த்திப் பிடித்தார். பானெட்டைச் சுற்றி ஒரு நடை. இடது ஓரத்துக்கு வந்ததும் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. டார்ச்சை என்னிடம் கொடுத்து, தான் பிடித்த மாதிரியே பிடிக்கச் சொன்னார். பதினொரு கோடுகள். நான் எண்ணினேன்.

"தடவிப் பார்த்தேனேப்பா, கையில ஒண்ணுமே தெரியலையே."

"கையில தெரியாதும்மா. கை மேடு பள்ளத்தைச் சொல்லும். கீறலை வெளிச்சம்தான் சொல்லும்."

"கை ஏமாத்தாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது பட்டிக்குச் சொன்னது. பட்டி பார்க்கிறப்போ கை. பெயிண்ட் அடிச்சு முடிச்ச அப்புறம் எங்க ஷாப்புல டியூப்லைட்டைச் சாய்ச்சுப் புடிச்சுத்தான் பார்ப்போம். வீட்டுல நான் பட்டி வேலை பண்றதைத்தான் நீ பார்த்திருக்க. ஷாப்புல பார்க்கலையே."

எனக்கு முதலில் அழுகை வந்தது, கீறலுக்காக இல்லை. நாற்பது வருடமாக ஒரு வாக்கியத்தின் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். மீதிப் பாதி அவருடைய வேலை இடத்திலேயே இருந்துவிட்டது. வேலைக்குப் போகிற அப்பாக்களைப் பற்றிப் பிள்ளைகளுக்குத் தெரிவது எப்போதும் வீட்டுக்கு வந்துசேரும் பாதிதான் போல.

மௌனம் எதற்கு அடையாளம்

அந்த ராத்திரி டார்ச்சோடு முழு வண்டியையும் சுற்றி வந்தேன். பதினொரு கீறல் என் அலட்சியத்தால் வந்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் கூரையில், நான் ஒரு தவறும் செய்யாத இடத்தில், தாழ்ந்த வெளிச்சத்தில் லேசான மங்கல் தெரிந்தது. கண்ணாடியில் மூச்சு விட்டதுபோல, நான் இழுத்த திசையிலேயே. நிறைய ஈரத்தோடு, அழுத்தாமல், கிளேவைத் திருப்பித் திருப்பிப் போட்டும் அது விழுந்திருந்தது. கிளே செய்தால் இதெல்லாம் வரும், அதனால்தான் கிளேவுக்கு அப்புறம் பாலிஷ் போடச் சொல்கிறார்கள் என்பது பிறகுதான் புரிந்தது. நான் அந்த வரியை ஒரு விற்பனைத் தந்திரம் என்று நினைத்துத் தாண்டிப் போயிருந்தேன். பெயிண்ட் மென்மையாக இருந்தாலோ, கரடான வகைக் கிளேவை எடுத்துவிட்டாலோ மங்கல் இன்னும் அதிகமாக விழும். நான் எடுத்தது இருப்பதிலேயே மென்மையான ரகம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். இப்போதைய வண்டிகளில் பெயிண்ட் எல்லா அடுக்கும் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான். வீட்டில் பிரிண்ட் எடுக்கும் ஏ4 தாள் ஒன்றை எடுத்துத் தடவிப் பாருங்கள், அதுவே சுமார் 100 மைக்ரான் இருக்கும். அந்த மாதிரி ஒன்று, ஒன்றரைத் தாளின் கனத்துக்குள்தான் பிரைமர், நிறம், மேலே நிறமில்லாத கிளியர் கோட் எல்லாம் அடக்கம். கிளியர் கோட் மட்டும் தனியாக 40, 50 மைக்ரான். பளபளப்பு, வெயிலைத் தடுப்பது, மழையைத் தாங்குவது எல்லாம் அந்த அரைத்தாள் கனத்தில் இருக்கிறது. மெஷின் பாலிஷ் லேசாகப் போட்டால்கூட அதிலிருந்து கொஞ்சம் எடுத்துத்தான் கீறலை மறைக்கும். இதில் கீறலை நிரப்புவதில்லை, கீறலின் ஆழம்வரை சுற்றியுள்ளதை இறக்குகிறார்கள். எடுத்தது திரும்ப வராது. பத்து வருடம் ஓட்ட நினைக்கும் வண்டிக்கு இது கையிருப்புக் காசு மாதிரி. சம்பளம் வராத கையிருப்பு.

இதைப் புரிந்துகொண்ட பிறகு, மாதம் ஒருமுறை கிளே போடுகிறேன் என்று யாராவது சொன்னால் எனக்கு வயிறு கலங்குகிறது. ஆபீஸில் ஒரு நண்பர் அப்படித்தான். வண்டி சும்மா நின்றாலும் கிளே. கேட்டால், "அந்த ஸ்மூத் இருக்கே, அது போதை" என்கிறார். அந்தப் போதை எனக்கும் தெரியும். சர்ர் என்ற சத்தம் மௌனமாகும் நிமிஷத்தில் மனசுக்குள் ஏதோ ஒன்று அடங்கும். ஆனால் மௌனம் சொல்வது இனிமேல் எடுப்பதற்கு அழுக்கு இல்லை என்பதைத்தான். அதற்கு மேலும் இழுத்தால் சாணைக்கல் எதைத் தேய்க்கும்? ஏற்கெனவே மௌனமாக இருக்கும் தகட்டில் கிளேவை வைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். கவரைப் போட்டுத் தடவுங்கள். கரகரத்தால் போடுங்கள், கரகரத்த இடத்தில் மட்டும். முழு வண்டிக்கும் போட்டே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பக்கவாட்டுக் கதவுகள் செங்குத்தாக இருப்பதால் அவற்றில் படிவது எப்போதும் குறைவு. கூரை, பானெட், டிக்கி இந்த மூன்றும்தான் ஊர்ப் புழுதியை வாங்கிக்கொள்கின்றன.

கிளேவால் ஆகாத காரியங்களும் உண்டு. பெரம்பூரில் மெட்ரோ ரயில் வேலை நடப்பதால் எங்கள் தெருவில் சிமெண்ட் புழுதி அதிகம். பனியில் நனைந்து காய்ந்தால் அது தகட்டிலேயே இறுகும். உப்புத் தண்ணீர்க் கறையும் அப்படித்தான். இவற்றுக்கு நீர் கலந்த வினிகரைத் துணியில் நனைத்துக் கொஞ்ச நேரம் ஒற்றி வைத்து உடனே கழுவிவிட்டால் போதும், கிளேவால் தேய்த்தால் சிமெண்ட் துணுக்கே உப்புத்தாளாக மாறும். காக்கா எச்சம் ஒரு வாரம் வெயிலில் கிடந்து பெயிண்ட்டைத் தின்றுவிட்டால் அது பள்ளம், கிளே பள்ளத்தைத் தொடாது. தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்தி விழுந்த பிசுபிசுப்புக்கு வெந்நீரும் ஷாம்பூவும் பொறுமையும். இத்தனையும் போக மிச்சம் நிற்கும் கரகரப்புதான் கிளேவின் பங்கு. பார்க்கப்போனால் அது சின்னப் பங்குதான்.

வலது பக்கக் கதவில் தெரிந்தது

டார்ச் இன்னொன்றையும் காட்டியது, அதை எழுதாமல் விட்டால் இந்தக் கீறலுக்கு மட்டும் நான் அநியாயமாக முக்கியத்துவம் கொடுத்ததாகிவிடும். நான் கிளே தொடாத வலது பக்கக் கதவுகளில் வெளிச்சம் பட்டதும், சிலந்தி வலைபோல நூற்றுக்கணக்கான மெல்லிய வட்டங்கள் எழுந்தன. ஏழு வருடத்துக்கும் மேலாகத் தினமும் காலையில் விழுந்தவை. எங்கள் அபார்ட்மெண்டில் ஒரு அண்ணன் விடிகாலை ஐந்தரைக்கு வந்து ஒன்பது கார்களைத் துடைப்பார். ஒரு பக்கெட், ஒரு துணி, வண்டிக்கு மாதம் அறுநூறு ரூபாய். முதலில் காய்ந்த துணியால் புழுதியைத் தட்டுவார், அப்புறம் ஈரத்துணி. சுவரோரத்துப் புழுதியில் இருப்பது மண்ணும் இரும்பும் சிமெண்ட்டும். அதைக் காய்ந்த துணியால் வட்டமாகத் தேய்த்தால் என்ன ஆகும் என்பது எனக்கு அந்த ராத்திரிதான் உறைத்தது. என் பதினொரு கீறலை இதன் பக்கத்தில் வைத்தால் ஒன்றுமே இல்லை.

அவரை நிறுத்திவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் செய்தது தவறு என்று எப்படிச் சொல்வது? தினமும் வண்டி பளிச்சென்று இருக்க வேண்டும் என்று கேட்டது நாங்கள். ஒரு வண்டிக்கு ஏழெட்டு நிமிஷத்துக்கு மேல் அவருக்குக் கிடைக்காத மாதிரிக் கூலி வைத்ததும் நாங்கள். மூன்றாம் நாள் காலை இறங்கிப் போனேன்.

"அண்ணா, இனிமே என் வண்டியைத் தினமும் துடைக்க வேணாம்."

"ஏம்மா, ஏதாவது தப்பாயிடுச்சா? வேற ஆள் பார்த்துட்டீங்களா?"

"இல்லண்ணா. வாரத்துல ரெண்டு நாள் போதும். ஆனா நிறைய தண்ணி விட்டுக் கழுவணும். காசு அதே காசுதான்."

அவர் நம்பவில்லை. டார்ச்சைச் சாய்த்துக் கதவைக் காட்டினேன். குனிந்து வெகுநேரம் பார்த்தார். "இது நம்ம கைதானா?" என்று கேட்டார். நான் பானெட்டைக் காட்டி, "இது என் கை" என்றேன். அதற்கப்புறம் பேச்சு சுலபமாகிவிட்டது. இரண்டு பக்கெட் வாங்கினோம், ஒன்று ஷாம்பூத் தண்ணீருக்கு, ஒன்று துணியை அலச. நாலு மைக்ரோஃபைபர் துணி. முதலில் தண்ணீர் அடித்துப் புழுதியை இறக்குவது, அப்புறம் மேலிருந்து கீழே நேர்கோட்டில், வட்டம் கிடையாது. ஒரு மாதம் கழித்து, "இந்தத் துணியை அடுத்த வண்டிக்கும் வச்சுக்கவா, அந்த சாருக்கும் காட்டினேன், சரின்னுட்டாரு" என்றார். இப்போது ஒன்பதில் நாலு வண்டிகள் அந்த முறைக்கு வந்திருக்கின்றன. மற்ற ஐந்து பேர் தினமும் துடைக்கத்தான் வேண்டும் என்கிறார்கள். அவர்களோடு எனக்கு இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.

இந்த ஜனவரி

இரண்டு வருடம் நான் கிளேவைத் தொடவில்லை. டப்பாவில் அந்த மீதிப் பாதி, ஷாம்பூத் தண்ணீர் ரெண்டு சொட்டோடு காயாமல் இருந்தது. விழுந்த பாதியை அன்றைக்கே எறிந்துவிட்டேன். இந்தப் பொங்கலுக்குப் பிறகு கழுவி, கவரைப் போட்டுத் தடவினேன். கதவுகளில் ஒன்றும் இல்லை. பானெட்டில் அங்கங்கே, கூரையில் நன்றாகவே கரகரத்தது. அயர்ன் ரிமூவர் அடித்ததும் பானெட் சுத்தமாகிவிட்டது, கூரையின் பின்பாதியில் மட்டும் கொஞ்சம் நின்றது. அந்த இடத்துக்கு மட்டும் கிளே போட்டேன். இருபது நிமிஷ வேலை. கீழே ஒரு பழைய போர்வையை நாலாக மடித்து விரித்திருந்தேன், அந்தப் பாதியையும் இரண்டாக அறுத்து, இரண்டாவது துண்டைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். சத்தம் நின்ற இடத்தில் கையை எடுத்தேன். மங்கல் தெரிந்த இடத்தில் மட்டும் கையால் லேசாக பாலிஷ், மேலே வேக்ஸ். பானெட்டின் பதினொரு கீறலுக்கு பாலிஷ் போடவில்லை. அவ்வளவு ஆழத்துக்கு இறக்கினால் அந்த மூலையில் கிளியர் கோட் என்ன மிஞ்சும் என்று தெரியாமல் கை வைக்க எனக்குத் துணிவில்லை, தேவையும் இல்லை.

ராத்திரி அப்பா கீழே வந்தார், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக. கண்புரை முற்றியிருக்கிறது. சர்க்கரை இறங்கட்டும், அப்புறம் ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் தள்ளி வைத்திருக்கிறார். கூரையில் கையை வைத்து, கண்ணை மூடி, ஒரு இழுப்பு இழுத்தார். தலையை ஆட்டினார். அப்புறம் டார்ச்சை என்னிடம் நீட்டினார்.

"நீயே புடிச்சுப் பாரும்மா. எனக்கு வெளிச்சம் ஒண்ணா தெரியலை, சிதறுது."

தாழ்த்திப் பிடித்தேன். அவர் பானெட்டின் இடது ஓரத்தில் கையை வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி நின்றார்.

"எத்தனை இருக்கு?"

"பதினொண்ணுப்பா."

"கூடலையே?"

இன்னொரு தடவை எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னேன்.

"கூடலப்பா."